காற்று கைவிட்ட கதிர்கள்

வீட்டுத் தோட்டத்து மக்காச்சோளம் பொக்கையாகக் காய்ப்பதற்குப் பெரும்பாலும் உரமோ விதையோ காரணமல்ல. மகரந்தம் போதவில்லை என்பதுதான் காரணம். அதைக் கையால் சேர்த்தால் கதிர் நிறையும். கைநழுவிப் போகும் நாட்டு ரகங்களையும் தக்கவைக்கலாம். ஆனால் இரண்டாவது காரியம் ஒரு வீட்டால் மட்டும் ஆகிறதல்ல.

செடி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. இலையில் பச்சைக்குக் குறைவில்லை. கதிரும் பருமனாகத்தான் தெரிகிறது. ஆசையோடு மடலை உரித்தால், பொக்கை வாயில் பல் முளைத்ததுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக முப்பது நாற்பது மணிகள். மீதி வெறும் சக்கை. கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடித் தொட்டியிலோ மக்காச்சோளம் வளர்க்கும் பலருக்கு முதல் அறுவடை இப்படித்தான் வாய்க்கிறது.

உடனே பழி உரத்தின் மேல் விழுகிறது. இல்லையென்றால் விதை விற்ற கடையின் மேல். அடுத்த முறை எரு இரண்டு மடங்காகிறது, விதை பாக்கெட் மாறுகிறது. கதிர் மட்டும் மாறுவதில்லை. பூச்சி வரட்டும் என்று பக்கத்தில் சாமந்தி நட்டவர்களுக்கும் அதே கதிதான். தேனீ வந்தாலும் மக்காச்சோளத்துக்குப் பயனில்லை. அது ஆண் பூவில் மகரந்தம் திரட்டும்; தேனும் மகரந்தமும் இல்லாத பெண் பூவை எட்டிப் பார்க்காது. இந்தப் பயிருக்குத் தரகர் காற்று மட்டுமே.

இந்திய வயல்கள் இன்று ஆண்டுக்கு 3.5 கோடி டன்னுக்கு மேல் மக்காச்சோளம் விளைவிக்கின்றன. கோழித் தீவனம், ஸ்டார்ச், அண்மை ஆண்டுகளில் எத்தனால் என்று அதன் தேவை பெருகிக்கொண்டே போகிறது. அந்த வயல்களில் யாரும் கதிர் கதிராகப் போய் மகரந்தம் தூவுவதில்லை. காற்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. வயலில் கை கொடுக்கும் அதே காற்று வீட்டுத் தோட்டத்தில் கைவிடுவது ஏன்? பதில் செடியின் உடலமைப்பிலேயே இருக்கிறது.

ஒரு மணிக்கு ஓர் இழை

மக்காச்சோளத்தில் ஆணும் பெண்ணும் ஒரே செடியில், ஆனால் வேறு வேறு இடத்தில். உச்சியில் விரிந்து நிற்பது ஆண் பூங்கொத்து. தண்டின் நடுவில், இலைக் கக்கத்திலிருந்து புறப்படுவது பெண் கதிர். கதிரின் நுனியில் குஞ்சம் குஞ்சமாகத் தொங்குகிறதே, அந்தப் பட்டு இழைகள்தான் பெண் பூவின் சூல்முடிகள்.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான். ஒவ்வோர் இழையும் உள்ளே ஒரே ஒரு சூலோடு இணைந்திருக்கிறது. ஓர் இழையில் உயிருள்ள மகரந்தத்தூள் ஒன்று விழுந்து, அங்கிருந்து குழல் விட்டு இழையின் நீளம் முழுவதும் இறங்கிச் சூலை அடைந்தால்தான் ஒரு மணி உருவாகும். இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. தூள் விழாத இழைக்கு மணி இல்லை. 500 மணி வேண்டுமென்றால் 500 இழைகளுக்கும் தனித்தனியே தூள் கிடைக்க வேண்டும். பூசணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் ஒரு முறை தேய்த்தால் காய் நின்றுவிடும். மக்காச்சோளம் அப்படி ஒரே தொடுதலில் திருப்தியடைகிற பயிரல்ல.

நல்ல வளர்ச்சியுள்ள கதிரில் 500 முதல் 1,000 சூல்கள் வரை இருக்கும். அவை இரட்டை இரட்டையாக உருவாவதால் எந்தக் கதிரை எடுத்து எண்ணினாலும் மணி வரிசைகள் இரட்டைப்படையாகவே இருக்கும்: 12, 14, 16. இழைகள் எல்லாம் ஒரே நாளில் வெளிவருவதில்லை. கதிரின் அடிப்பகுதி இழைகள் முதலில் தலைகாட்டுகின்றன. நுனிப்பகுதி இழைகள் கடைசியில்.

ஆண் பூங்கொத்து கஞ்சத்தனம் செய்வதில்லை. ஒரு பூங்கொத்தே பல லட்சம் தூள்களை உதிர்க்கும். ஆனால் அந்த வள்ளல்தன்மைக்கு ஆயுள் குறைவு. ஒரு செடி மகரந்தம் உதிர்ப்பது சுமார் ஒரு வாரம். உதிர்ந்த தூள் வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே செத்துவிடும். வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். போதாததற்கு, பெரும்பாலான செடிகளில் ஆண் முந்திக்கொள்கிறது. பெண் இழை வெளியே வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே மகரந்தம் கொட்டத் தொடங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மக்காச்சோள மகரந்தம் புல்வகை மகரந்தங்களிலேயே பெரியது, கனமானது. பெரும் பகுதி சில மீட்டர் தூரத்திலேயே தரையில் விழுந்துவிடும். ஆயிரக்கணக்கான செடிகள் நிற்கும் வயலில் இது பிரச்சினையல்ல. எந்தத் திசையில் காற்று அடித்தாலும் எதிரே இன்னொரு செடி நிற்கும். ஒன்று உதிர்த்து முடித்தாலும் மற்றொன்று தொடங்கும். மதில் ஓரமாக ஒரே வரிசையில் எட்டுச் செடி நிற்கும் வீட்டில், குறுக்கே அடிக்கும் காற்று அத்தனை தூளையும் பக்கத்து வீட்டுக் கொடிக்கயிற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

கதிர் சொல்லும் காரணம்

உரித்த கதிரைத் தூக்கி எறிவதற்கு முன் சற்று உற்றுப் பார்த்தால், எங்கே பிசகியது என்பது தெரியும். மணிகள் கதிர் முழுக்கச் சிதறலாக இருந்தால் மகரந்தம் மொத்தத்திலேயே குறைவு. அடிப்பகுதி காலியாக இருந்தால் முதலில் வந்த இழைகளுக்குத் தூள் கிடைக்கவில்லை. நுனி மட்டும் காலி என்றால் கடைசி இழைகள் வந்தபோது மகரந்தம் தீர்ந்துவிட்டது. அல்லது அந்த நாட்களில் செடிக்குத் தண்ணீர் போதவில்லை. நீளமாகத் தொங்கிய இழைகள் குடைபோல் மறைத்ததால் கீழ்ப்பக்கம் மட்டும் வெறுமையாகிப் போவதும் உண்டு.

இழைகளைப் பூச்சி கத்தரித்திருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2018இல் கர்நாடகத்தில் முதன்முதலாகத் தென்பட்டு நாடெங்கும் பரவிய படைப்புழு இலைக் குருத்தோடு நிற்பதில்லை. பூங்கொத்தையும் கதிரையும் தாக்கும். குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சம் தெரிந்தால் புழுவைத் தேடிப் பிடித்து நசுக்குவதுதான் நாலைந்து செடி வைத்திருப்பவருக்கு எளிய வழி.

அறுவடை வரை காத்திராமல் முன்பே தெரிந்துகொள்ளவும் ஓர் உபாயம் இருக்கிறது. சூல் கருவுற்றதும் அதன் இழை ஓரிரு நாளில் அடியோடு கழன்றுவிடும். எனவே ஒரு கதிரைப் பலி கொடுத்து, மடலைக் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறிக் கவனமாகப் பிரித்து, தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்க்கலாம். உதிர்ந்த இழைகள் மணியாகப் போகிறவை. ஒட்டிக்கொண்டே இருப்பவை இன்னும் காத்திருப்பவை. இழை வெளிவந்த ஐந்தாறு நாட்களுக்குள் என்றால் மற்றக் கதிர்களுக்கு மகரந்தம் தூவ அவகாசம் இருக்கிறது.

காலையில் பத்து நிமிடம்

முதல் மருந்து விதைக்கும்போதே தொடங்குகிறது. நீள வரிசை வேண்டாம். சதுரப் பாத்தி வேண்டும். பதினாறு செடிகளுக்குத்தான் இடம் என்றால் நான்குக்கு நான்காக நட வேண்டும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் என்பது வழக்கமான இடைவெளி. எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றினால் பூப்பதும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் நடக்கும். நாலு விதை இன்று, நாலு விதை பத்து நாள் கழித்து என்று ஊன்றுகிறவர்கள் கதிரை நீண்ட நாள் பறிக்கலாம் என்று நினைக்கிறார்கள். பத்துச் செடி, இருபது செடித் தோட்டத்தில் அது பொக்கைக் கதிரை நீண்ட நாள் பறிக்கும் வழியாகவே முடியும்.

அடுத்தது கை வேலை. சாப்பிடுவதற்கு மட்டும் கதிர் வேண்டுமென்றால் இதில் பெரிய நுணுக்கம் எதுவுமில்லை. பனி உலர்ந்த பிறகு, காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், பூங்கொத்திலிருந்து சிறு சிறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். விரலால் தட்டினால் மஞ்சள் தூள் பறக்கும். ஒரு தாம்பாளத்தையோ மடித்த காகிதத்தையோ கீழே பிடித்துப் பூங்கொத்தை மெல்ல வளைத்து உதற வேண்டும். இரண்டு மூன்று செடிகளின் தூளை ஒன்றாகச் சேர்த்து, அதே சூட்டோடு இழைகளின் மேல் தூவிவிட வேண்டும். மென்மையான தூரிகை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பூங்கொத்தின் ஒரு கிளையை ஒடித்து இழைகளின் மேல் தட்டினாலே போதும். மேலாகத் தூவிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. குஞ்சத்தைப் பிரித்து அடியிலுள்ள இழைகளுக்கும் காட்ட வேண்டும்.

நாளைக்கு ஆகட்டும் என்று மகரந்தத்தைச் சேர்த்து வைக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியும் இதற்கு உதவாது. அன்றன்று எடுத்து அன்றன்று தூவ வேண்டும். இழைகள் ஒரே நாளில் வெளிவருவதில்லை என்பதால் மூன்று நான்கு நாள் தொடர்ந்து செய்வது அவசியம். பதினைந்து இருபது செடிக்கு தினமும் பத்து நிமிடம் போதும். அந்த வாரத்தில் தண்ணீர் மட்டும் குறையவே கூடாது. மக்காச்சோளத்தின் வாழ்நாளில் தாகத்தைச் சற்றும் பொறுக்காத காலம் இந்தப் பூக்கும் காலம்தான்.

பலன் விரைவில் தெரிந்துவிடும். மகரந்தம் ஏற்ற இழைகள் வளர்ச்சி நின்று பழுப்பேறி வாடும். ஏற்காத இழைகள் இன்னும் வரவில்லையே என்று தேடுவதுபோல் நீண்டுகொண்டே போகும். ஸ்வீட் கார்ன் என்றால் இழை வந்து 18 முதல் 22 நாளில், மணியை நகத்தால் கீறினால் பால் வடியும் பதத்தில் பறிக்கலாம்.

இந்த வேலையே வேண்டாம் என்பவர்களுக்கும் மாற்று வழி உண்டு: பேபி கார்ன். கருவுறாத இளங்கதிர்தான் அது. இழை எட்டிப் பார்த்த ஒன்று முதல் மூன்று நாளுக்குள் பறித்துவிடுவார்கள். மகரந்தம் அங்கே வேண்டாத விருந்தாளி என்பதால் ஆண் பூங்கொத்தை முன்கூட்டியே பிடுங்கி மாட்டுக்குப் போடுவது வழக்கம். ஹரியானாவில் சோனிபத் மாவட்டத்து அடேர்னா கிராமம் இந்தப் பயிரால்தான் பேர் வாங்கியது. அதைப் பரப்பிய விவசாயி கன்வல் சிங் சவுகானுக்கு 2019இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பக்கத்து வயலின் கைவரிசை

மகரந்தம் குறைவது ஒரு தொல்லை. வேண்டாத மகரந்தம் வருவது இன்னொரு தொல்லை. இரண்டாவது தொல்லையில்தான் இழப்பு அதிகம்.

மாம்பூவில் எந்த மரத்து மகரந்தம் விழுந்தாலும் இந்த ஆண்டுப் பழத்தின் ருசி மாறாது. விளைவு கொட்டைக்குள் ஒளிந்திருக்கும். அதை நட்டால்தான் வெளிப்படும். மக்காச்சோளத்தில் நாம் தின்பதே விதையைத்தான். அந்த விதையின் மாவுப் பகுதி உருவாவதில் தந்தைக்கும் பங்கு உண்டு. எனவே அப்பன் யார் என்பது அதே பருவத்தில், அதே கதிரில், நிறத்திலும் ருசியிலும் தெரிந்துவிடும். வெள்ளை ரகத்தின் கதிரில் மஞ்சள் மணிகள் தெறித்திருப்பது இதனால்தான்.

ஸ்வீட் கார்னின் இனிப்பு பின்தங்கும் குணம். தாய், தந்தை இரு தரப்பிலிருந்தும் வந்தால்தான் அது நிலைக்கும். பக்கத்தில் தீவன மக்காச்சோள வயல் இருந்து அதன் மகரந்தம் விழுந்தால், அந்த மணி சர்க்கரையை விட்டு மாவாகிவிடும். விலை கொடுத்து வாங்கிய இனிப்பு விதை சப்பென்று போன அனுபவம் உள்ளவர்கள் விதைக் கடையைத் திட்டுவதற்கு முன், வேலிக்கு அப்பால் என்ன பயிர் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. தரமான புரதமுள்ள ரகங்களுக்கும் இதே விதிதான். தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட பூசா விவேக் க்யூ.பி.எம்.9 மேம்பட்ட ரகத்தின் புரதச் சிறப்பும் பின்தங்கும் குணத்தைச் சார்ந்ததே. வேற்று மகரந்தம் விழுந்த மணிகளில் அந்தச் சிறப்பு இருக்காது.

இனிப்பு போனால் அடுத்த பாக்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். பாக்கெட்டில் கிடைக்காத குணங்களும் இருக்கின்றன. அவற்றின் இருப்பிடம் வடகிழக்கு மலைகள்.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த பயிர். ஆனால் வடகிழக்கு மக்கள் அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்திருக்கிறார்கள். மிஸோக்கள் அதை வைமிம் என்கிறார்கள். அறுவடைக்குப் பின் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வரும் மிம் குட் அவர்களுடைய முக்கியமான விழாக்களில் ஒன்று. புதுக் கதிரை முதலில் இறந்துபோன உறவினர்களுக்குப் படைப்பது அதன் மரபு. அங்கே மிம்பான் என்றொரு ரகம் இருக்கிறது. வேகவைத்தால் பசையாக ஒட்டும். மாவுச்சத்தின் அமைப்பே வேறாக இருப்பதால் வரும் குணம் இது. இதுவும் பின்தங்கும் குணமே. சாதாரண மக்காச்சோளத்தின் மகரந்தம் விழுந்த மணி ஒட்டாது. மலைச்சரிவில் எங்கோ ஒருவர் புதிதாக வீரிய ஒட்டு ரகம் விதைத்தால், கீழ்க்காற்றில் இருக்கும் தோட்டத்தின் மிம்பான் அதே பருவத்தில் தன் குணத்தை இழக்கத் தொடங்கும். அந்தக் கதிரின் மணியை அடுத்த ஆண்டு விதைத்தால் இழப்பு நிரந்தரமாகும்.

சிக்கிமில் இருப்பது இன்னும் அபூர்வமானது. ஒரே செடியில் ஐந்து முதல் ஒன்பது வரை சிறு கதிர்கள் விடும், பொரியாகப் பொரியும் நாட்டு ரகம் அது. 1964இல் இந்திய விஞ்ஞானி என்.எல். தவான் அதைப் பற்றி எழுதினார். மக்காச்சோளத்தின் பழமையான சாயல்கள் தெரிவதால் 'சிக்கிம் ஆதி ரகம்' என்று உலகெங்கும் ஆராய்ச்சியாளர்களின் கவனத்தை ஈர்த்தது. உள்ளூரில் அதற்கு முரளி மகாய் என்று பெயர். முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று சிக்கிம் 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ரசாயன உர மூட்டையைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடலாம். மகரந்தத்தை எந்தச் சாவடியில் நிறுத்துவது?

விதைச் சான்றளிப்பு விதிகள் இதற்குத் தூரத்தையே வேலியாக வைக்கின்றன. மக்காச்சோளக் கலப்பு ரகங்களின் சான்று விதை வேண்டுமென்றால் 200 மீட்டர் சுற்றளவில் வேறு மக்காச்சோளம் இருக்கக் கூடாது. ஆதார விதைக்கு 400 மீட்டர். படிப்படியாக இறங்கும் மலைக் கழனியிலும் வீட்டுத் தோட்டத்திலும் அத்தனை இடத்துக்கு எங்கே போவது? இரண்டு மூன்று வாரம் முன்பின்னாக விதைத்துப் பூக்கும் காலத்தைத் தள்ளிவைக்கலாம். ஆனால் மழையை நம்பும் ஊரில் எல்லோரும் விதைப்பது முதல் மழையில்தான். மிஞ்சுவது ஒரு வழி: காகிதப் பை.

பைகள் காய்க்கும் தோட்டம்

ஹைதராபாதில் ராஜேந்திரநகரில் மக்காச்சோள ஆராய்ச்சிக்கான குளிர்காலப் பண்ணை இருக்கிறது. வடக்கே கடுங்குளிர் அடிக்கும் மாதங்களில் இங்கே இன்னொரு தலைமுறையை வளர்த்துவிடலாம் என்பதால், நாட்டின் பல பகுதி ஆராய்ச்சியாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். பூக்கும் பருவத்தில் இப்படிப்பட்ட பண்ணைகளைப் பார்க்கிறவர்களுக்குச் செடியில் கதிருக்குப் பதில் பழுப்புப் பைகள் காய்த்திருப்பதுபோல் தோன்றும். ஒவ்வொரு பையிலும் தேதியும் எண்ணும் எழுதியிருக்கும்.

இந்திய மக்காச்சோளத்தின் நவீன வரலாறே இந்தப் பைகளுக்குள் நடந்ததுதான். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1957இல் அகில இந்திய மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1961இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்ற வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. அமெரிக்காவில் பார்பரா மெக்லின்டாக் மக்காச்சோள மணிகளின் நிறப் புள்ளிகளைக் கவனித்து, மரபணுக்கள் இடம் மாறித் தாவும் என்று கண்டார். அவருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய ஆராய்ச்சிக்கும் அடிப்படை, யார் மகரந்தம் யார் இழையில் விழுந்தது என்ற சந்தேகமற்ற கணக்குதான். அந்தக் கணக்கைக் காற்று வைத்துக்கொள்ளாது, கைதான் வைத்துக்கொள்ளும்.

அந்தக் கை வித்தைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கொல்லைப்புறத்திலும் செய்யலாம். கதிர் முளைத்து இழை வெளியே வருவதற்கு முன்பே அதன் மேல் சிறிய எண்ணெய்க் காகித உறையை மாட்டிவிட வேண்டும். இதில் ஒரு நாள் தாமதித்தாலும் வேற்று மகரந்தம் முந்திவிடும். உறைக்குள் இழை எட்டிப் பார்த்ததும், அன்று மாலை அதன் நுனியைக் கத்தரித்து மறுபடி உறையைப் போட வேண்டும். இரவில் வெட்டிய இழைகள் எல்லாம் ஒரே சீராக வளர்ந்து, காலையில் சவரத் தூரிகைபோல் நிற்கும். மகரந்தம் ஏற்க அதைவிடத் தோதான நிலை கிடையாது.

அதே மாலையில் ஆண் பூங்கொத்தைப் பெரிய பழுப்புக் காகிதப் பையால் மூடி, அடியை மடித்துக் கிளிப் போட வேண்டும். முந்தின மாலையே மூடுவதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் காற்றோடு வந்து பூங்கொத்தில் ஒட்டியிருக்கும் வேற்றுத் தூள் எல்லாம் விடிவதற்குள் செத்துவிடும். காலையில் உதிர்வது அந்தச் செடியின் சொந்தத் தூள் மட்டுமே. பையோடு பூங்கொத்தை வளைத்து உதறி, பல செடிகளின் தூளை ஒரே பையில் கலந்து, கதிரின் உறையை நொடி நேரம் எடுத்துவிட்டு அதன் மேல் கொட்டி, உடனே அதே பெரிய பையால் கதிரை மூடித் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பையில் தேதியைப் பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை மழையில் கரையும். பிளாஸ்டிக் பை ஆகாது. உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

மடல் காய்ந்து, மணியின் அடியில் கருப்புப் புள்ளி தெரிந்தால் விதை முற்றிவிட்டது என்று பொருள். வடகிழக்கு வீடுகளில் விதைக் கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். புகை பட்ட மணியை வண்டு அண்டுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. கடையில் விற்கும் ஸ்வீட் கார்ன் விதைகளில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு. அவற்றை எத்தனை கவனமாகப் பை கட்டி விதை எடுத்தாலும் அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது. அங்கே கை மகரந்தம் சாப்பாட்டுக்கு மட்டும். விதை எடுக்கிற பாடு நாட்டு ரகத்துக்கும் கலப்பு ரகத்துக்கும் தகும்.

ஒரு வீடு போதாது

இத்தனையும் கற்றுக்கொண்டு ஒருவர் தன் தோட்டத்து நாட்டு ரகத்தில் அழகான ஐந்து கதிர்களைத் தேர்ந்தெடுத்து, பை கட்டி, கலப்பில்லாத விதை எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ரகம் காப்பாற்றப்பட்டதா? இல்லை. மக்காச்சோளம் வைக்கும் கடைசிப் பொறி இதுதான்.

நெல்லும் கோதுமையும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர்கள். பத்துச் செடியில் விதை எடுத்தாலும் ரகம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மக்காச்சோளம் அந்நியச் சம்பந்தத்தில் செழிக்கும் பயிர். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் நோஞ்சான் ஆகிவிடும். செடி குட்டையாகும், கதிர் சிறுக்கும், பூப்பது தாமதமாகும், விளைச்சல் சரியும். ஒரு ரகத்தின் பல்வகைத் தன்மை கெடாமல் இருக்கக் குறைந்தது நூறு செடிகளிலிருந்தாவது விதை எடுக்க வேண்டும் என்பது பாதுகாப்பாளர்கள் வகுத்திருக்கும் பொது விதி. இருநூறு என்றால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கதிரிலிருந்தும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் மணி எடுக்க வேண்டும். பெரிய கதிருக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்ற குணங்கள் நழுவிவிடும்.

தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளங்கள் பணியகத்தின் மரபணு வங்கி, மைனஸ் 18 டிகிரி குளிரில் விதைகளைச் சேமித்து வைத்திருக்கிறது. அது மிக அவசியமான காப்பீடு. ஆனால் அங்கும் விதையின் முளைப்புத்திறன் குறையும்போது அதை வயலில் வளர்த்து, பை கட்டி, கையால் மகரந்தம் சேர்த்துத்தான் புதுப்பிக்க வேண்டும். தவிர, உறைந்த விதைக்குக் காலம் நின்றுவிடுகிறது. மாறும் மழையையும் வெப்பத்தையும் புதுப் புழுவையும் பார்த்துப் பழகுவது, ஆண்டுதோறும் மண்ணில் விழும் விதை மட்டுமே.

நூறு செடி என்றதும் மலைக்க வேண்டியதில்லை. 60க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் அதற்குத் தேவை 12 சதுர மீட்டர், ஒரு சிறிய அறையின் அளவு. ஆனால் நூறு கதிருக்கும் உரிய நாளில் உறை போட்டு, உரிய காலையில் தூள் கொட்டுவது ஒரு குடும்பத்துக்குப் பாரம்தான். இதையே ஐந்து வீடுகள் வீட்டுக்கு இருபது செடியாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் காலையில் அரை மணி வேலை. அறுவடைக்குப் பின் ஐந்து வீட்டு விதையையும் ஒரே குடுவையில் கலந்து மறுபடி பங்கிட்டுக்கொண்டால் நூறு செடியின் ரத்தமும் எல்லோர் வீட்டிலும் ஓடும். எல்லோரும் அதே ரகத்தையே விதைத்தால் அக்கம்பக்கத்து மகரந்தத்தின் தொல்லையும் தானாகக் குறையும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை முத்திரைப் பெயர் போட்டு விற்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு. விவசாயிகள் காத்துவரும் ரகங்களை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யவும் அதில் வழி உண்டு.

மலைக் கிராமங்களில் முன்பு இதற்குச் சட்டமோ பையோ தேவைப்படவில்லை. ஊர் முழுக்க ஒரே ரகம் விதைத்தது. காற்று எங்கே அடித்தாலும் அது ஊருக்குள் சம்பந்தம்தான். வேலிக்கு அப்பால் வேறு விதை வந்த பிறகுதான் கையின் துணை தேவைப்படுகிறது. ஒரு கதிரை நிரப்பத் தனி ஆளின் பத்து நிமிடம் போதும். ஒரு ரகத்தை நிறுத்த அடுத்த வீட்டுக்காரரும் வேண்டும். வரும் பருவத்தில் விதை ஊன்றுவதற்கு முன் வேலியோரம் நின்று, நீங்கள் இந்த முறை என்ன விதைக்கப் போகிறீர்கள் என்று கேட்பதுதான் இதில் முதல் வேலை. காகிதப் பை அதற்குப் பிறகு.